கஞ்சர்கள் சார்பில் ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க வேட்டை பற்றிய கட்டுரை படித்தேன். “மானுக்கும் கயோட்டிக்கும் ஒரே ரைஃபிள் தேடுவது கஞ்சர்களின் கனவு” என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். டெக்சஸின் ஹில் கன்ட்ரி பகுதியில் ஆடு வளர்ப்பவன் நான். வீட்டில் இருப்பது ஒரே ஒரு ரைஃபிள். ஆக, கஞ்சர் பட்டியலில் எனக்கும் இடம் கொடுத்துவிட்டார். மிக்க நன்றி.

கயோட்டி என்பது பார்க்க நரி போல இருக்கும் சின்ன ஓநாய் வகை. கட்டுரையாளர் அதை எங்கே பார்த்தார் என்று தெரியவில்லை. நான் பார்ப்பது என் பட்டியில். காலையில் போனால் குட்டி கிடக்கும். தொண்டையில், தாடைக்குச் சற்றுக் கீழே, பல் இறங்கிய ஓட்டைகள். தாயாடு மடி கனத்துப்போய் அன்று முழுக்கக் கத்திக்கொண்டே நிற்கும். காவலுக்கு நாய் வைத்திருக்கிறோம், வேலி போட்டிருக்கிறோம், எல்லாம் இருந்தும்தான் இது. கயோட்டி சொல்லிவிட்டு வருவதில்லை. நவம்பரில் மானுக்காகக் காத்து உட்கார்ந்திருக்கும்போது மரங்களுக்கு நடுவே அது குறுக்கே ஓடும். “கொஞ்சம் நில்லப்பா, உனக்கென்று வாங்கிய துப்பாக்கி வீட்டில் இருக்கிறது, எடுத்து வருகிறேன்” என்று அதனிடம் சொல்ல முடியுமா? கையில் எது இருக்கிறதோ அதுதான் துப்பாக்கி. ஒரே ரைஃபிள் தேடுவது காசுக்காக மட்டும் அல்ல ஐயா, இதற்காகத்தான்.

என்னிடம் இருப்பது 243 வின்செஸ்டர் தோட்டா போடும் ரைஃபிள். (தோட்டா என்றால் குண்டும் வெடிமருந்தும் சேர்ந்தது. 243 என்பது குண்டின் விட்டம், 0.243 அங்குலம்.) அதைவிடப் பெரிய குண்டு போடும் 308 தோட்டாவின் கழுத்தைச் சிறிதாக்கி வின்செஸ்டர் கம்பெனி 1955-இல் கொண்டுவந்தது. கட்டுரையாளர் ‘கனவு’ என்று சொல்வதைத்தான் அந்தக் கம்பெனி அப்போதே விற்றது. அதே ஆண்டில் ரெமிங்டன் கம்பெனியும் அதே அளவுக் குண்டுக்கு 244 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. தோட்டாவில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சின்ன மிருகங்களை மனதில் வைத்து, குழலின் உள்ளே குண்டைச் சுழலவைக்கும் திருகு வரியை, அதாவது புரியை, 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று வெட்டினார்கள். வின்செஸ்டர் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. புரி நெருக்கமாக இருந்தால்தான் நீளமான, கனத்த குண்டு ஆடாமல் போகும். மானுக்கும் ஆக வேண்டும் என்று நினைத்த ஜனங்கள் 243 பக்கம் போய்விட்டார்கள். ரெமிங்டன் 1963-இல் புரியை மாற்றி, 6 மில்லிமீட்டர் ரெமிங்டன் என்று பெயரையும் மாற்றிப் பார்த்தது. அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. அத்தனை கஞ்சர்கள் அமெரிக்காவில்!

இன்னொன்று. கயோட்டிக்கான 55, 58 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டையே மானுக்கும் போடலாம் என்பது போலக் கட்டுரையில் ஒரு வரி வருகிறது. தயவுசெய்து இதை யாரும் நம்ப வேண்டாம். அந்த மெல்லிய உறைக் குண்டுகள் பட்டவுடன் சிதறுவதற்கென்றே செய்தவை. மானின் தோள் எலும்பில் பட்டால் உள்ளே இறங்காமல் மேலாகவே உடைந்துபோகும். மான் காயத்தோடு ஓடி, எங்கேயோ புதரில் கிடந்து சாகும். தலைகீழாகச் செய்தால் ஆபத்து இல்லை. 95, 100 கிரெய்ன் மான் குண்டு கயோட்டியைத் தாராளமாகச் சாய்க்கும். தோலில் ஓட்டை பெரிதாகும், அவ்வளவுதான். தோல் விற்கிறவர்கள் அதற்குக் கவலைப்படட்டும். எங்கள் ஊர்க் கயோட்டிக்கு வடக்கே இருப்பது போல அடர்ந்த ரோமம் கிடையாது. குண்டின் எடையை மாற்றினால் அது போய்ப் படும் இடமும் மாறும், ஒவ்வொரு முறையும் தொலைநோக்கியைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். ஆகவே மானுக்குச் சரியானதைத் தேர்ந்தெடுத்து, 100 கஜத்தில் குறிபார்த்துச் சரிசெய்து வைத்துக்கொண்டு, கயோட்டிக்கும் அதையே பயன்படுத்துவதுதான் புத்திசாலித்தனம். 2007-இல் வந்த 6.5 கிரீட்மோர் வேண்டுமா, வைத்துக்கொள்ளுங்கள், நல்ல தோட்டா. எங்கள் பக்கத்து மான் உருவத்தில் சிறியது, எனக்கு 243 போதும். தோளில் உதைப்பதும் குறைவு. என் மனைவி முகம் சுளிக்காமல் சுடுகிறாள்.

சட்டத்தைப் பற்றி எழுதியதும் அரைகுறை. 223 ரைஃபிள் மானுக்கு ‘அமெரிக்காவில் தடை’ என்கிறார். எந்த அமெரிக்காவில்? கொலராடோவில் 24 காலிபருக்கு, அதாவது 0.24 அங்குல விட்டத்துக்கு, கீழே மானுக்கு ஆகாது. வர்ஜீனியாவில் 23-க்குக் கீழே ஆகாது. டெக்சஸில் மானுக்கு ரிம்ஃபயர், அதாவது அடிவிளிம்பில் அடித்து வெடிக்கும் சின்னத் தோட்டாதான் கூடாது. அடிப்பக்க நடுவில் அடித்து வெடிக்கும் சென்டர்ஃபயர் என்றால் 223-ம் செல்லும். மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

‘வெண்வால் மான்’ என்று போட்ட படத்தில் நிற்பது புள்ளிமான். நம் ஊர்ப் புள்ளிமானை 1932-இல் டெக்சஸுக்குக் கொண்டுவந்தார்கள், இப்போது இங்கே காடுகளிலேயே திரிகிறது என்பது வேறு கதை. அதை எழுதியிருந்தால் வாசகர்கள் ரசித்திருப்பார்கள். வெளிநாட்டுத் தமிழர் சிறப்பிதழுக்கு நான் அனுப்பிய கட்டுரையில் அது இருந்தது. அந்தக் கட்டுரைக்கு என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். தொப்பி போட்ட என் படம் மட்டும் வந்தது. அதற்கு முன்பு நான் எழுதிய நீண்ட கடிதத்தில் கோலப்போட்டியைப் பாராட்டிய இரண்டு வரி மட்டும் அச்சேறியது. ஆனால் வேட்டைக்காரர்களைக் கொலைகாரர்கள் என்று திட்டி ஒரு வாசகர் எழுதியபோது முழுப் பக்கம் கொடுத்தீர்கள். புரட்டினால் அடுத்த பக்கத்தில் ஆட்டுக்கால் பாயா செய்முறை. சரி, அந்த ஆட்டைக் கயோட்டியிடமிருந்து காப்பாற்றியது யார் என்று நான் கேட்கவில்லை.

கேட்பது சின்ன விஷயம்தான். ‘100 கிரெய்ன் வெடிமருந்து’ என்று அச்சாகியிருக்கிறது. பெட்டிமேல் போட்டிருக்கும் அந்த எண் குண்டின் எடை, ஏறத்தாழ ஆறரை கிராம். 243 தோட்டாவில் அடைக்கும் மருந்து அதில் பாதிகூட வராது. இந்தத் திருத்தத்தை மட்டும் கட்டம் கட்டிப் போடுங்கள். நவம்பர் முதல் சனிக்கிழமை இங்கே சீசன் தொடங்குகிறது. அதற்கு முந்தைய இதழில் வந்தால் உங்கள் பத்திரிகையைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகிற நம்மவர்களுக்கு உதவும்.

அப்புறம், ஜூலை இதழ் எனக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர் ஒருவர்,
மேசன் கவுன்டி, டெக்சஸ்