கேப்புக்கு உள்ளே நடப்பது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், ரூட் கேனல் (பல்லுக்குள் நரம்பை எடுத்து, சுத்தம் செய்து அடைப்பது) செய்த பல்லில் மறுபடி வலி என்று கேட்ட வாசகிக்கு, ‘மருத்துவரைப் பாருங்கள்’ என்று ஒரே வரியில் பதில் முடிந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம். நான் மருத்துவன் இல்லை. காட்பாடியில், பல்லுக்கு மேல் மூடிபோல் போடும் கேப் செய்யும் லேப்பில் வேலை.

‘மொதல்ல ஒழுங்கா செய்யாம இப்போ திரும்பவும் காசு கேக்கறாங்க’ என்ற பேச்சு எங்கள் பக்கம் சகஜம். சில சமயம் அதில் நியாயமும் உண்டு. மேல் கடைவாயின் முதல் பெரிய பல்லுக்கு மூன்று வேர். உள்ளே நரம்பு ஓடும் கால்வாய் பெரும்பாலும் நான்கு. அந்த நான்காவது மயிரிழை அளவுதான். எக்ஸ்ரேயில் சுலபமாகச் சிக்காது. அதைச் சுத்தம் செய்யாமல் விட்டால், தங்கிய கிருமி வருடங்கள் கழித்துக்கூட வேர் நுனியில் சீழ் வைக்கும். வேர் வளைந்திருந்தால் கருவி நுனிவரை போகாததும் உண்டு.

ஆனால் நான் அதிகம் பார்ப்பது வேறு. வலி நின்றதும், ‘ஆடி போகட்டும், தீபாவளி முடியட்டும்’ என்று கேப் போடாமல் இழுத்தடிப்பார்கள். தற்காலிக அடைப்பு சில வாரம்தான் தாங்கும். அது தேய்ந்து எச்சில் இறங்கினால் செய்த வேலை வீண். கேப் இல்லாத பல்லால் பிரியாணி எலும்பைக் கடித்து, வேர்வரை பிளந்துவிட்டால் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும்.

கேப் போட்டாலும் கவனம் வேண்டும். அண்மையில் நிறம் பார்க்க ஒரு பழைய கேப்பை அறுத்து அனுப்பியிருந்தார்கள். வெளியே பளபளவென்று இருந்தது. உள்ளே ஓர் ஓரமாக சிமென்ட் கரைந்து, கறுப்புச் சொத்தை ஒட்டி, ஒரே நாற்றம். நரம்பு எடுத்த பல்லில் கூச்சம் தெரியாது. அதனால்தான் அந்தக் கேப் போட்டிருந்தவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

மறு சிகிச்சை என்றால் பழைய அடைப்பை எடுத்து, சுத்தம் செய்து, மறுபடி அடைப்பதுதான். அதற்கும் வழியில்லை என்றால் ஈறு வழியாக வேர் நுனியை வெட்டி எடுப்பார்கள்.

வாசகிக்கு ஒன்று: முதல் எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சீழ் வைத்த இடம் எக்ஸ்ரேயில் வேர் நுனியில் நிழலாகத் தெரியும்; அது ஆற ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்தால்தான் அது குறைகிறதா, பெருகுகிறதா என்று தெரியும்.

இப்படிக்கு,
காட்பாடி வாசகர்