செயலாளரின் ஆண்டறிக்கை: இந்த ஆண்டின் குப்பை மடல்கள்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் மாதம் ஒருமுறை கூடியது. கூட்டக் குறிப்புகள் பதிவேட்டில் உள்ளன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு என் நேரத்தைத் தின்றது வேறொன்று: சங்கத்தின் பொது மின்னஞ்சல் முகவரி வழியாக உங்கள் எல்லாருக்கும் வந்து குவிந்த குப்பை மடல்கள்.

வெளியார் அனுப்பும் விளம்பரங்கள் பெரிய தலைவலியாக இல்லை. உறுப்பினர் அல்லாதவரின் மடலை நான் பார்த்த பிறகே உள்ளே விடுவது என்று மாற்றியதும் அவை நின்றுவிட்டன. இது பழைய தொல்லைதான். 1978 மே மாதத்திலேயே ஒரு கணினி நிறுவனத்துக்காரர் இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நம்மவர்கள் அனுப்பியதில்தான் சிக்கல். "பத்துப் பேருக்கு அனுப்புங்கள், நல்ல செய்தி வரும்" என்ற ரகம். அஞ்சலட்டைக் காலத்தில் கை வலிக்க எழுத வேண்டும், தபால் செலவும் உண்டு; இப்போது ஒரே ஒரு சொடுக்கு. எல்லாரும் சொன்னபடி செய்தால் பத்தாவது சுற்றில் 1,000 கோடி மடல்கள். உலகில் அவ்வளவு பேர் இல்லை!

"குழந்தைக்கு அவசரமாக இரத்தம் தேவை" என்ற மடல் உங்களுக்கு நினைவிருக்கும். தேதி இல்லை, ஊர் இல்லை, ஒரு தொலைபேசி எண் மட்டும். அதை எல்லாருக்கும் அனுப்பியவன் நானே. அப்புறம்தான் அந்த எண்ணை அழைத்தேன். நான் வாய் திறக்கும் முன்பே, "இரத்தமா? அது மூணு வருஷத்துக்கு முந்தி சார். பையன் ஸ்கூலுக்குப் போறான்" என்றது அலுத்துப்போன ஒரு குரல். 1989இல் பிரிட்டனில் நோயுற்ற ஒரு சிறுவனுக்கு வாழ்த்து அட்டை அனுப்பச் சொன்ன வேண்டுகோளும் இப்படித்தான்; அவன் குணமாகி ஆண்டுகள் பல கடந்தும் அட்டைகள் வந்துகொண்டே இருந்தன.

கண்டிப்பதிலும் ஒரு பாடம் கிடைத்தது. ஒரு தொடர் மடலைக் கண்டித்து ஒருவர் எல்லாருக்கும் எழுத, "என் பெயரை நீக்குங்கள்" என்று இன்னொருவர் எல்லாருக்கும் எழுத, அனுப்பியவர் மன்னிப்புக் கேட்டு மறுபடி எல்லாருக்கும் எழுத, குப்பை ஒன்று, அதன்மேல் நாம் கொட்டியது பதினான்கு. அதன்பின் யாரையும் பொதுவில் சொல்வதில்லை, நேரே போனில் பேசிவிடுகிறேன். மூத்த உறுப்பினர் ஒருவர், "நல்லதுன்னு நினைச்சுத்தான் தம்பி அனுப்பினேன்" என்று வருந்தினார். இப்போது அனுப்பும் முன் என்னைக் கூப்பிட்டு, "இது நிஜமா?" என்று கேட்கிறார். காலை ஆறு மணிக்குத்தான் கேட்கிறார், பரவாயில்லை.

இன்னொன்று. முன்பின் தெரியாத விளம்பர மடலில் "விலக்கிக்கொள்ள இங்கே சொடுக்கவும்" என்றிருந்தால் தொடாதீர்கள். இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நாமே சொன்னதாகிவிடும். பலருக்கு மடல் அனுப்பும்போது முகவரிகளை பிசிசியில் (பெறுபவர்களுக்கு மற்றவர் முகவரி தெரியாமல் மறைக்கும் கட்டத்தில்) போடுங்கள்.

தேதியும் அனுப்பியவர் பெயரும் இல்லாத வேண்டுகோள்களை, செயலாளர் விசாரிக்கும்வரை பொது முகவரியில் விடுவதில்லை என்ற தீர்மானத்தை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். செயலாளர் அனுப்புவதைத் தலைவர் விசாரிப்பார்.