ஆண்டறிக்கை 2024–25: சனிக்கிழமை ஃபின்னிஷ் வகுப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஃபின்லாந்தில் சில ஆண்டுகள் வாழ்ந்து சென்னைக்குத் திரும்பிய பிள்ளைகள் அந்த மொழியை விட்டுவிடாதிருக்க நாம் நடத்தும் வகுப்பின் ஓராண்டுப் பணிகளை இங்கே வாசிக்கிறேன்.

அங்கே பள்ளிப்படிப்பு 7 வயதில்தான் தொடங்கும். அதற்கு முன்பே ஊர் திரும்பிய பிள்ளைக்குப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் படிந்த பேச்சு இருக்கும், எழுத்து இருக்காது. பேச ஆளில்லாத ஊரில் வெறும் பேச்சு வேகமாகக் கரைந்துவிடும். ஆகவே இவ்வாண்டு வாசிப்பையே முதல் வேலையாக வைத்துக்கொண்டோம். ஓர் எழுத்துக்கு ஏறக்குறைய ஓர் ஒலி என்பதால் ஃபின்னிஷில் எழுத்துக்கூட்டுவது எளிது. குறுக்கே நின்றது ஆங்கிலம்தான். 'ஜே' எழுத்து அங்கே 'ய' என ஒலிக்கும். ஆனால் 'கால்' என்று பொருள்படும் 'யல்கா'வைப் பிள்ளைகள் 'ஜல்கா' என்றே படித்தார்கள். 'ஒய்' அங்கே உயிரெழுத்து: உதட்டை 'உ'வுக்குக் குவித்தபடி 'இ' சொல்ல வேண்டும். அசை பிரித்து அச்சிட்ட அரிச்சுவடியை, அசைக்கொரு கைதட்டலுடன் வாசிக்க வைத்தோம்.

குறில் நெடில் நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. துலி என்றால் தீ, தூலி என்றால் காற்று, துல்லி என்றால் சுங்கம்; படம், பாடம் என்று பழகிய காது இவற்றைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறது. சிக்கல் வல்லினத்தில். தமிழில் இரு உயிர்களுக்கிடையே வரும் ஒற்றை வல்லினம் மெலிந்துவிடும். அழுத்தம் வேண்டுமென்றால் இரட்டிக்க வேண்டும். ஃபின்னிஷில் ஒற்றையும் அழுத்தமானதே, நீளம் மட்டும் குறைவு. அதனால் 'யார்' என்று பொருள்படும் ஃபின்னிஷ் சொல்லும் 'பூ' என்று பொருள்படும் சொல்லும் நம் பிள்ளைகள் வாயில் ஒரே 'குக்கா' ஆகின்றன. புழுவும் தரைவிரிப்பும் ஒரே 'மத்தோ'. தமிழ் எழுத்தில் நாம் தயாரித்த சொல் அட்டைகள் இப்பிழையை ஊன்றியே விட்டன. அவற்றை ஒதுக்கிவிட்டு, படமும் ஃபின்னிஷ் எழுத்தும் மட்டும் உள்ள அட்டைகளுக்கு மாறினோம். ஒரு தடவைக்கு 5 இணைச் சொற்கள் போதும். இரட்டைக்கு மூச்சை ஒரு தட்டு நேரம் அடைத்துப் பிடித்து விட வேண்டும். ஒற்றைக்குத் தொட்டதும் விட வேண்டும். முதலில் கேட்டு, சரியான அட்டையைத் தூக்கட்டும். சொல்வது அதன் பிறகு.

ஃபின்லாந்திலிருந்து ஆசிரியை இணையம் வழியே நடத்தும் பாடத்தில் ஒரு தவறு நேர்ந்தது. நமக்கும் அவர்களுக்கும் கோடையில் இரண்டரை மணி நேரமும் குளிர்காலத்தில் மூன்றரை மணி நேரமும் வித்தியாசம். 2024 அக்டோபர் 27 அன்று அங்கே குளிர்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே திருப்பிவைத்ததைச் செயலகம் அறிவிக்கத் தவறியதால், நவம்பர் 2 அன்று பிள்ளைகள் ஒரு மணி நேரம் காத்திருந்தனர். மார்ச் 30 மாற்றத்துக்கு முன்கூட்டியே தகவல் அனுப்பிவிட்டோம்.

ஃபின்லாந்துப் பொது ஒளிபரப்பு நிறுவனத்தின் இணையக் காணொளிச் சேவையான யூலே அரேனாவில் சில நிகழ்ச்சிகள் ஃபின்லாந்துக்குள் மட்டுமே ஓடும். வகுப்புக்கு முந்தைய நாளே இங்கிருந்து திறந்து பார்த்துவிடுவது நல்லது.

1951 முதல் அங்கே வீடுதோறும் புழங்கும் 'ஆஃப்ரிக்கான் தாஹ்தி' பலகை விளையாட்டு பெரிதும் உதவியது. பணம் எண்ணுவது, பகடை எண் சொல்வது, 'இது என் முறை' என்று சண்டை போடுவது எல்லாம் ஃபின்னிஷில்தான். கேள்வி கேட்டால் வாய் திறக்காத பிள்ளையும் இங்கே பேசிவிடுகிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதைவிட, தினம் 10 நிமிடம் சத்தமாக வாசிக்க வையுங்கள். உங்களுக்குப் பொருள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்காருங்கள். விடுமுறையில் அங்கே செல்வோர் இரண்டாம் வகுப்பு வாசிப்பு நூல்கள் வாங்கி வந்தால் சங்கம் பணம் தந்துவிடும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இவண்,
செயலாளர்