பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால்

அன்புள்ள கண்ணாவுக்கு,

நீ அனுப்பிய படங்களையெல்லாம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வீடு எனக்குப் பிடித்திருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே இருப்பதைப் படித்துவிட்டு அம்மாவுக்கு வீடு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய். உயரமான கூரை, கனமான கதவுகள், எதிரும் புதிருமாக ஜன்னல்கள், இதெல்லாம் இப்போது புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு அமைவதில்லை. ஆனால் சனிக்கிழமை நண்பர்கள் எல்லாரும் வருகிறார்கள், கூடத்துக்குப் பெயிண்ட் அடித்து முடித்துவிடுவோம் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும்தான் எனக்குத் திக்கென்றது. கட்டட வேலைக்கு நடுவில் கணக்கெழுதியும் ஆள் மேய்த்தும் இத்தனை வருஷம் ஓட்டியவள் நான், பெயிண்ட் எப்போது அடிக்க வேண்டும் என்பதில் மட்டும் என்னோடு வாதாடாதே. அது கடைசி வேலை.

கூடத்துப் படத்தில் ஜன்னலுக்குக் கீழே சுவர் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, பார்த்தாயா? பழைய வெள்ளையடிப்பு என்று நினைத்திருப்பாய். அது உப்பு. சுவருக்குள் ஈரம் ஏறி, வெளியே வந்து காய்கிறபோது தன்னோடு கொண்டுவந்த உப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. அதன்மேல் எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் சீக்கிரமே பொக்குப் பொக்காக உரிந்து வரும், உன் நண்பர்கள் ஒரு நாள் முழுக்கக் கை வலிக்க அடித்தது வீணாகும். ஆகவே முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடி. தரையிலிருந்து ஏறுகிற ஓதம் பெரும்பாலும் இடுப்பு உயரம், மிஞ்சினால் ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டி நின்றுவிடும். அதற்கு மேலே திட்டாக ஈரம் தெரிந்தால் குழாயோ கூரையோ ஜன்னல் ஓரமோ கசிகிறது என்று சந்தேகப்படு. சுவரிலிருந்து வருகிறதா, அறைக்குள் இருக்கும் ஈரக்காற்று சுவரில் பட்டுப் படிகிறதா என்று தெரியவில்லை என்றால் ஓர் அடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் தாளை வெட்டி நாலு ஓரமும் காற்றுப் போகாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு ரெண்டு நாள் சும்மா விடு. தாளுக்குப் பின்பக்கம் நீர் கோத்திருந்தால் சுவர் ஈரம், அறைப் பக்கம் கோத்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை. செலவே இல்லாத சோதனை இது, ஆனால் இதைச் செய்யாமல் சுவரைக் கொத்தித் தள்ளியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வெளியே போய் அந்தச் சுவரின் மறுபக்கத்தையும் பார். மண் ஏறிக் கிடக்கிறதா, மழைநீர்க் குழாய் சுவரின் காலடியிலேயே கொட்டுகிறதா, செடி ஏதாவது சுவரை ஒட்டி வளர்ந்திருக்கிறதா. பாதி ஓதம் இதில்தான் இருக்கும். அப்புறம் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார், முள் அப்போதும் நகர்ந்தால் எங்கோ சுவருக்குள்ளோ தரைக்கு அடியிலோ கசிவு இருக்கிறது.

பழைய வீட்டுச் சுவரில் இன்னொரு விஷயம். பூச்சைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்து உன் வீடு சுண்ணாம்புச் சாந்தில் கட்டியதா என்று தெரிந்துகொள். திருப்புளி முனையால் கீறினாலே பொடியாக உதிர்ந்தால் பெரும்பாலும் சுண்ணாம்பு, சிமென்ட் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்காது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். யாராவது வந்து “இதெல்லாம் பலமில்லை தம்பி, சிமென்ட் பூசிவிடலாம்” என்றால் சரி சரி என்று தலையாட்டாதே. மேலே சிமென்டை அப்பினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் வேறு இடம் தேடிப் போகும், அல்லது பூச்சையே தள்ளிக்கொண்டு வரும். சுண்ணாம்பில் வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடி, கிடைக்கக் கொஞ்சம் நாளாகும், பரவாயில்லை. சிமென்ட் பூச்சு ஏற்கெனவே இருக்கும் இடங்களில் ஒட்டுப் போட்டால் ஒரு வாரமாவது நனைத்து வை, பெயிண்டுக்கு முன் நாலு வாரம் காய விடு. சுண்ணாம்புக்கு இன்னும் கூடுதலாகப் பொறுமை வேண்டும்.

விரிசல்களைப் பார்த்துப் பயந்துவிடாதே, பழைய வீட்டில் விரிசல் இல்லாமல் இருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன். ஒவ்வொரு விரிசலின் ரெண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வை. சில மாதம் ஆகியும் கோட்டைத் தாண்டவில்லை என்றால் அது பழைய கதை, பட்டி போட்டு மூடலாம். வளர்ந்தாலோ, ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் வாய் பிளந்திருந்தாலோ, ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி சாய்வாக இறங்கினாலோ ஓர் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டு. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் சுவரை இடித்துவிட்டால் விசாலமாக இருக்கும் என்று எழுதியிருக்கிறாயே, அதுவும் அதே இன்ஜினியர் பார்த்துச் சொன்ன பிறகுதான். நண்பர்கள் சேர்ந்தால் சுத்தியல் தானாகவே கைக்கு வந்துவிடும், எனக்குத் தெரியும். மேலே இருக்கும் பாரத்தை அந்தச் சுவர் தாங்குகிறதா என்பது சுத்தியலுக்குத் தெரியாது.

சரி, நண்பர்கள் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இத்தனை பேர் தங்கள் விடுமுறை நாளை உனக்குக் கொடுக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். அதனாலேயே சொல்கிறேன், எந்த வேலைக்கு அவர்களைக் கூப்பிடுவது, எதற்குக் கூப்பிடவே கூடாது என்பதை நீ முன்னாலேயே முடிவு பண்ணிக்கொள், அவர்கள் வந்து நின்ற பிறகு யோசிக்காதே. உரிக்க, தூக்க, குப்பை அள்ள, கழுவ, தோட்டம் வெட்ட, கதவு ஜன்னலைக் கழற்றித் தேய்க்க, பிரைமர் அடிக்க, எல்லாம் அவர்களுக்கு. கரண்ட், கேஸ், கூரை மேல் ஏறுவது, சுவர் இடிப்பது, இது நாலும் காசு கொடுத்து வேலை தெரிந்தவர்களை வைத்துத்தான். எந்தக் கூட்டத்திலும் “வயரிங்தானே, நான் பார்த்துக்கிறேன்” என்று ஒருத்தன் இருப்பான். அவனிடம் சிரித்துக்கொண்டே மண்வெட்டியைக் கொடு. பழைய வயரின் மேல் உறை காய்ந்து தொட்டாலே உதிரும், எர்த் வயரே இல்லாத புள்ளிகள் இருக்கும், யார் எப்போது எங்கே ஒட்டுப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஏதாவது ஆகிவிட்டால் அவனுடைய வீட்டாருக்கு நீ என்ன பதில் சொல்வாய்? எலக்ட்ரீஷியன் வரும்போது 30 மில்லி ஆம்பியரில் விழுகிற கசிவுத் துண்டிப்பானை, அதாவது கரண்ட் கசிந்தால் தானாகவே இணைப்பைத் துண்டித்துவிடும் சுவிட்சை, முதல் வேலையாகப் போடச் சொல். டிரில்லும் மற்ற மெஷின்களும் அதன் வழியாகத்தான் ஓட வேண்டும். புது வயர்க் குழாய்கள் பதித்ததும் பூச்சு மூடுவதற்கு முன் அளவு நாடாவைச் சுவரில் வைத்து ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்துக்கொள், பிற்காலத்தில் ஆணி அடிக்கும்போது என்னை வாழ்த்துவாய்.

தூசி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் யாரும் பொருட்படுத்துவதில்லை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் அதை 1978இல் தடை செய்தார்கள், பல நாடுகளில் அதற்கு வெகுகாலம் பின்னால்தான். எந்த அளவு ஈயமும் ஆபத்தில்லை என்று சொல்வதற்கில்லை என்பது உலக சுகாதார அமைப்பின் நிலை. ஆகவே பழைய கதவையும் ஜன்னல் கம்பியையும் உலர்வாகத் தேய்க்காதீர்கள், தண்ணீர் தெளித்து நனைத்துத் தேயுங்கள். மூக்கில் கட்டும் கைக்குட்டை எதையும் தடுக்காது, என்-95 மாஸ்க் வாங்கி வை, வருகிறவர்கள் எல்லாருக்கும் போதுமாக வாங்கு. சின்னக் குழந்தைகளோ கர்ப்பிணிகளோ அன்றைக்கு அந்தப் பக்கமே வர வேண்டாம். பின்புறக் கொட்டகையில் சாம்பல் நிறத்தில் அலை அலையாக ஒரு கூரை தெரிந்தது, ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதை அறுக்கவோ துளை போடவோ உடைத்து மூட்டை கட்டவோ வேண்டாம், அப்படியே விடு, எடுக்க வேண்டுமென்றால் அதற்கென்று பயிற்சி உள்ளவர்கள் எடுக்கட்டும். அந்த நார் நுரையீரலுக்குள் போனால் வருகிற நோய் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தலை காட்டும்.

குளியலறை கழுவ ஆர்வமாக ஒருவர் ஆசிட்டும் இன்னொருவர் பிளீச்சிங் பவுடரும் எடுத்துக்கொண்டு போவார்கள். ரெண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு, அந்தச் சின்ன அறையில் மூச்சு முட்டிவிடும், ஒன்றை மட்டும் வீட்டுக்குள் வை. மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிய துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், நம்ப மாட்டாய், ஆனால் அப்படித்தான். வெளியே விரித்துக் காயப் போடு. ஏணியை நாலுக்கு ஒன்று என்று சாய்த்து வை, அதாவது நாலு அடி உயரத்துக்கு அடிப்பாகம் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி. மருந்துப் பெட்டி எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் இருக்கட்டும்.

இன்னும் கொஞ்சம் பேச்சு பாக்கி இருக்கிறது, வீட்டைப் பற்றி இல்லை. முதல் வாரம் எல்லாரும் வருவார்கள், மூன்றாம் வாரம் ரெண்டு பேர் வருவார்கள். வராதவர்களைக் கணக்கில் வைத்துக்கொள்ளாதே, அவர்களுக்கும் வீடு வாசல் இருக்கிறது. வந்தவர்கள் வாசலில் நின்று என்ன செய்யட்டும் என்று கேட்கும்படி வைக்காதே. முந்தின இரவே யாருக்கு எந்த அறை, என்ன சாமான் என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிடு, சாமான்கள் ஏற்கெனவே வாங்கி அந்தந்த அறையில் இருக்கட்டும். பாரம் தூக்க முடியாதவர்களுக்கும் வேலை உண்டு, கணக்கு எழுதலாம், கழற்றிய ஆணி திருகாணிகளைப் பிரித்துப் பெயர் எழுதி டப்பாவில் போடலாம், அது இல்லாமல் கதவுகளைத் திரும்ப மாட்டும்போது தலையைப் பிய்த்துக்கொள்வாய். வேளைக்குச் சாப்பாடு, இருட்டுவதற்கு முன்னால் நிறுத்தம், இதில் கறாராக இரு. களைத்த கையில்தான் அடிபடும். யாராவது தங்கள் காசில் ஏதாவது வாங்கி வந்தால் அன்றைக்கே கொடுத்துவிடு, “அப்புறம் பார்க்கலாம்டா” என்பதை ஏற்காதே. இரவல் வாங்கின கருவியைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடு. யாரோ ஒருவர் பதித்த ஓடு கொஞ்சம் கோணலாக இருந்தால், தண்ணீர் தேங்காத இடமாக இருந்தால், அப்படியே விட்டுவிடு. அவர் போன பிறகு பெயர்த்து மறுபடி பதித்தாய் என்று தெரிந்தால் இனி எதற்கும் கைகொடுக்க யோசிப்பார், உன் வீட்டுக்கு மட்டுமில்லை.

ஆக, இந்தச் சனிக்கிழமை கூட்டத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம். கொல்லையைச் சுத்தம் பண்ணுங்கள், சுவரோரம் ஏறிக் கிடக்கும் மண்ணை அள்ளித் தள்ளுங்கள், மழைநீர்க் குழாயைத் துருவி விடுங்கள். பெயிண்ட் டப்பா மூடியே இருக்கட்டும், அது ஓடிப்போய்விடாது. பிளாஸ்டிக் தாளை இன்றைக்கே ஒட்டிவிட்டுத் திங்கட்கிழமை படம் அனுப்பு, பின்பக்கமும் சேர்த்து. நான் அடுத்த மாதம் வருகிறேன். வரும்போது தூக்குக்குண்டும் ரசமட்டமும் எடுத்து வருகிறேன், நீ புதிதாக வாங்க வேண்டாம். அந்த முன்கதவை மட்டும் யாரையும் தேய்க்க விடாதே, அதை நான்தான் செய்வேன்.

அம்மா