மொழியாசிரியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாணவர் எழுத்தை மதிப்பிடுவது ஓர் ஆய்வுத் துறையாக வளர்ந்த வரலாற்றை ஆண்டு முழுவதற்குமான படிப்புப் பொருளாகக் கொள்வதென்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் பல ஆண்டுகள் போய்வந்த நமக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று அப்போது சிலர் கேட்டார்கள். கேட்டவர்களுள் நானும் ஒருவன் என்பதைப் பதிவுசெய்வது முறையாகும்.

முதற்கூட்டத்தில், தேர்வு மதிப்பெண்ணில் தற்செயலுக்கு எவ்வளவு பங்கு என்று 1888இல் கணக்கிட முயன்ற பொருளியல் அறிஞர் எட்ஜ்வொர்த்திலிருந்து தொடங்கினோம். 1912இல் அமெரிக்காவின் ஸ்டார்ச், எலியட் ஆகியோர் ஆங்கிலத் தாள்களைப் படியெடுத்து 142 ஆசிரியர்களிடம் திருத்தச் செய்தபோது, ஒரே தாளுக்கு நூற்றுக்கு விழுந்த மதிப்பெண்கள் முப்பதுக்கும் மேல் விலகி நின்றன. கணிதப் பிரிவு நண்பர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். மறு ஆண்டு வடிவியல் தாளில் விலகல் இன்னும் கூடியது என்றதும் சிரிப்பு நின்றது.

நம் உறுப்பினர்களை மிகவும் உலுக்கியது, பிலிப் ஹார்டாக்கும் ரோட்ஸும் இங்கிலாந்தில் 1935இல் வெளியிட்ட ஆய்வு. வரலாற்றுத் தாள்கள் 15ஐத் திருத்திய தேர்வாளர்களிடமே, ஓராண்டுக்கும் மேல் கழித்து அதே தாள்களை மீண்டும் கொடுத்தார்கள். 14 பேர் வழங்கிய 210 முடிவுகளில் 92, முன்பு அவர்களே வழங்கியதிலிருந்து மாறியிருந்தன. இதை நாமும் சிறிய அளவில் செய்து பார்த்தோம். பெயர் மறைத்த சில கட்டுரைகளை ஆனியில் திருத்தி, பழைய மதிப்பெண்ணைப் பார்க்காமல் ஐப்பசியில் மீண்டும் திருத்தினோம். முடிவை விரிவாகச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. முதல்முறை நான் மெச்சிய ஒரு கட்டுரையை இரண்டாம்முறை ‘சொல் அலங்காரம் மிகுதி’ என்று நானே குறைத்திருந்தேன் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இதுவரை கேள்வி, தேர்வாளர் ஒத்துப்போகிறார்களா என்ற நம்பகத்தன்மை பற்றியதாகவே இருந்தது. ஏன் ஒத்துப்போவதில்லை என்று கேட்டது அமெரிக்க ஆய்வாளர்கள் டீடரிக், பிரெஞ்ச், கார்ல்டன் ஆகியோரின் 1961ஆம் ஆண்டு ஆய்வு. ஆசிரியர், எழுத்தாளர், வழக்கறிஞர், நிறுவன நிர்வாகி என ஆறு வகைத் துறையினர் 53 பேரிடம், கல்லூரி முதலாண்டு மாணவரின் 300 கட்டுரைகளைக் கொடுத்து, அளவுகோல் எதுவும் சொல்லாமல் ஒன்பது தரமாகப் பிரிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு கட்டுரையும் குறைந்தது ஐந்து வெவ்வேறு தரங்களைப் பெற்றிருந்தது. ஆனால், ஒத்த போக்குடைய மதிப்பீடுகளைக் குழுக்களாகப் பிரித்துக் காட்டும் காரணிப் பகுப்பாய்வு என்ற புள்ளியியல் முறையில், கருத்தை மதிப்பவர், பிழையின்மையை மதிப்பவர், ஒழுங்கமைப்பை, சொல்லாட்சியை, தனித்தன்மையை மதிப்பவர் எனப் படிப்பவர்கள் ஐந்து குழுக்களாகப் பிரிந்து நின்றது தெரிந்தது. அந்தப் பிரிவில் நான் காண்பது கவனக்குறைவை அல்ல, எது நல்ல எழுத்து என்பதில் உண்மையாகவே உள்ள கருத்து வேறுபாட்டை. பின்வந்தவர்கள், தேர்வாளருக்குப் பயிற்சியும் மாதிரித் தாள்களும் கொடுத்து, கட்டுரையை முழுமையாக ஒரே மூச்சில் மதிப்பிடும் முறையை வளர்த்து, அந்த வேறுபாட்டை அடக்கினார்கள். பொதுத்தேர்வுக்கு அது தேவையே. ஆயினும் ஒற்றுமை கிடைத்த மகிழ்ச்சியில், எதை அளக்கிறோம் என்ற ஏற்புடைமைக் கேள்வி நெடுநாள் பின்தங்கிவிட்டது என்பது என் கருத்து. இதை ஏற்காத உறுப்பினர்களும் உண்டு.

ஒரே தேர்வுத் தாளுக்குப் பதிலாக மாணவர் எழுதியவை பலவற்றைத் தொகுத்து மதிப்பிடும் படைப்புத் தொகுப்பு முறையை ஒரே கூட்டத்தில் முடித்தோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் அதை மாநில அளவில் நடத்தியபோது தேர்வாளரிடையே போதிய ஒற்றுமை கிடைக்கவில்லை. வகுப்பறையில் மட்டும் ஆசிரியரின் பணிமுறை மாறியது.

இயந்திரத் திருத்தம் பற்றிய கூட்டத்திற்கே வருகை அதிகம். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் எல்லிஸ் பேஜ் 1966இலேயே கணினியைத் திருத்தவைத்தார் என்பது பலருக்கு வியப்பு. கட்டுரையின் நீளம், காற்புள்ளி எண்ணிக்கை போன்ற வெளி அடையாளங்களிலிருந்து மனிதர் இடும் மதிப்பெண்ணை அது கணித்தது. 1999இல், மேலாண்மைப் படிப்பில் சேர்வதற்கான ஜிமேட் தேர்வில் இயந்திரம் மனிதத் தேர்வாளருடன் சேர்ந்து மதிப்பெண் இடத் தொடங்கியது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெஸ் பெரல்மன், பொருளற்ற வாக்கியங்களைக் கோத்துத் தரும் ஒரு நிரலை உருவாக்கி, அந்தக் கட்டுரைகளுக்கு இத்தகைய இயந்திரங்கள் உயர்ந்த மதிப்பெண் தருவதைக் காட்டினார். அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்வதற்கான எஸ்.ஏ.டி. தேர்வில் 2005இல் சேர்ந்த கட்டுரைப் பகுதி 2021இல் கைவிடப்பட்டது. இன்று எழுதுவதும் இயந்திரம், திருத்துவதும் இயந்திரம் என்ற நிலை வந்திருப்பதால், வீட்டில் எழுதிவரும் கட்டுரைக்கு இடும் மதிப்பெண் யாருடையது என்று கேட்க வேண்டியுள்ளது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு பணிகளை முன்வைக்கிறது. முதலாவது, அமெரிக்க உளவியலாளர் தர்ஸ்டன் 1927இல் வகுத்த ஒப்பீட்டுத் தீர்ப்பு முறையில், மதிப்பெண் இடாமல், இரண்டிரண்டு கட்டுரைகளை எடுத்து எது மேல் என்று மட்டும் சொல்லித் தரவரிசை அமைத்துப் பார்ப்பது. இங்கிலாந்துப் பள்ளிகளில் இது நடைமுறையில் உள்ளது. இரண்டாவது, மாணவர், பெற்றோர் இசைவுடன், பெயர் நீக்கிய தமிழ்க் கட்டுரைகளை, அவற்றுக்கு நாம் இட்ட மதிப்பெண்ணோடும், கருத்து வேறுபட்ட இடங்களின் குறிப்போடும் தொகுத்து வைப்பது. சந்திப்பிழைக்கு எவ்வளவு குறைப்பது என்பதில் நமக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. அந்தப் பூசலையும் அப்படியே குறிப்பில் சேர்க்க வேண்டுகிறேன்.

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். நிலுவைச் சந்தா இம்மாத இறுதிக்குள் செலுத்தப்பட வேண்டும். இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்