டர்போ போன வண்டியை "எல்லாம் ஓகே" என்று விற்றது பற்றிப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர் அவர்கள்

ஐயா,

உங்கள் சென்னை கிளையில் நான் வாங்கிய பழைய வண்டி பற்றி எழுதுகிறேன். 2019 மாடல், 1 லிட்டர் பெட்ரோல், என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளி இழுவை கூட்டும் டர்போ வைத்தது. விவரமெல்லாம் உங்கள் சிஸ்டத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறை போன் செய்யும்போதும் முதலிலிருந்து கதை சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

வண்டி பார்க்க வந்த அன்றைக்கே என்ஜின் சூடாக இருந்தது. கேட்டேன். "இப்பத்தான் வாட்டர் வாஷ் பண்ணி எடுத்துட்டு வந்தோம் சார்" என்றார் உங்கள் ஆள். டர்போ வண்டியை ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்து காட்ட வேண்டும், சைலன்சரில் ஆயில் எரிந்து நீலப் புகை வருகிறதா என்று அப்போதுதான் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியாததா? தினமும் இதைத்தானே விற்கிறீர்கள்.

இப்போது வண்டலூர் சிக்னலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிளம்பினால் பின்னால் வருகிறவர் ஹாரன் அடிக்கிறார், அவ்வளவு நீலப் புகை. மேம்பாலம் ஏறினால் இழுவை இல்லை. என்ஜின் லைட் அணைவதே இல்லை.

தாம்பரத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸைக் கழற்றினார். லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருக்கலாம், ஆனால் இதில் சாய்த்தால் ஊற்றுகிற அளவுக்கு ஆயில். விரலால் டர்போவின் ஷாஃப்ட்டை ஆட்டினால் பிளேடு உறையில் போய் உரசுகிறது. நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் பொருள், மெல்லிய ஆயில் படலத்தை நம்பி நிற்கிறது. அந்த ஆயிலை ஒழுங்காக மாற்றாமல் விட்டால் பேரிங் போகத்தான் செய்யும். கம்பெனி மேனுவலில் 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம் என்று போட்டிருக்கிறது. சர்வீஸ் சென்டரில் கேட்டு வாங்கிய ரெக்கார்டில் 21,000 கி.மீ.க்கு அப்புறம் அடுத்த பதிவு 48,000-ல்தான். நடுவில் ஒன்றுமே இல்லை. ஆனால் உங்கள் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் "சர்வீஸ் ஹிஸ்டரி: முழுமை" என்று பச்சை டிக். டர்போ என்று ஒரு வரிகூட அதில் கிடையாது. சீட் கவருக்கு மட்டும் தனி வரி இருக்கிறது!

இதைவிட மோசம், ஸ்கேனர் போட்டபோது தெரிந்தது. பி0299, அதாவது டர்போ பிரஷர் போதவில்லை என்கிற கோளாறுக் குறியீடு, வந்தது. கூடவே, கடைசியாகக் கோளாறுக் குறியீடுகளை அழித்த பிறகு வண்டி ஓடிய தூரத்தையும் ஸ்கேனர் காட்டியது. டெலிவரி எடுத்த பிறகு நான் ஓட்டிய தூரமும் அதுவும் கிட்டத்தட்ட ஒன்று. என் கைக்கு வருவதற்கு முன்னால் அழித்தது யார்?

அம்பத்தூர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அலுவலகத்திலிருந்தே அழைத்து, காலை பத்து மணிக்குள் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுவரச் சொன்னார்கள். லீவு போட்டு, இழுக்காத வண்டியைச் செங்கல்பட்டிலிருந்து லாரிகளுக்கு நடுவே உருட்டிக்கொண்டு வந்தேன். வந்தால், டர்போ பார்க்கிற டெக்னீஷியன் லீவு. அதைச் சொன்னதுகூட வாட்ச்மேன்தான், பாவம், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்த ஒரே மனிதர். உங்கள் வாடிக்கையாளர் சேவை அதிகாரிக்குப் போன் போட்டால், "நீங்க கன்ஃபார்ம் பண்ணிட்டு வந்திருக்கணும் சார்" என்கிறார். அழைத்ததே நீங்கள்தானே என்றேன். அதற்கு அவர், "டர்போ வண்டி எல்லாருக்கும் செட் ஆகாது சார், ஓட்டத் தெரியணும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நெடுஞ்சாலையில் ஓட்டி வந்தால் டர்போ ஆறட்டும் என்று ஒரு நிமிடம் ஐடிலில் விட்டுத்தான் ஆஃப் செய்வேன். எனக்கு ஓட்டத் தெரியாதாம்! அந்த உரையாடல் பதிவு உங்களிடமே இருக்கும். தயவுசெய்து நீங்களே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

வாரண்டி கேட்டால் டர்போ தேய்மானப் பாகம் என்று பதில் வருகிறது. பிரேக் பேடும் கிளட்ச்சும் தேய்மானப் பாகம், ஒப்புக்கொள்கிறேன். ஆயில் ஒழுங்காக மாற்றினால் என்ஜினோடு கூடவே வரவேண்டிய டர்போ எப்படி அந்தக் கணக்கில் சேரும்? எழுத்தில் கொடுங்கள் என்றால் மட்டும் யாருக்கும் பேனா கிடைப்பதில்லை.

வண்டிக்குக் கொடுத்தது 4,85,000 ரூபாய். டர்போ மாற்ற 80,000க்கு மேல் ஆகும் என்கிறார்கள். எரிந்த ஆயில் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் அடைத்திருந்தால் அது தனி. ஆபீசில் என் லீவெல்லாம் காலி, மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்கு வாடகைக் கார், வீட்டில் என் பேச்சுக்கு இருந்த மதிப்பு மொத்தமும் போயிற்று. கூட்டிப் பார்த்தால் வண்டி விலையைத் தாண்டும்.

உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. பழைய ஓனர் மறைத்திருக்கலாம். ஆனால் சோதித்து, சான்று கொடுத்து, காசு வாங்கியது நீங்கள். ஆகவே, ஒன்று, புது டர்போ போட்டு, ஆயில் பைப்பும் மாற்றி, இன்டர்கூலரைச் சுத்தம் செய்து கொடுங்கள். பழைய பைப்பில் கரி அடைத்திருந்தால் புது டர்போவும் போய்விடும், அதையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. இல்லையென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள்.

பதினைந்து நாளில் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் 1915 என்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. ஸ்கேன் ரிப்போர்ட், ஹோஸ் கழற்றியபோது எடுத்த வீடியோ, சர்வீஸ் ரெக்கார்டு நகல் எல்லாம் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: பதில் சொல்ல அந்த அம்பத்தூர் அதிகாரியை மட்டும் மறுபடி பேசவைக்காதீர்கள்.