அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதையும் சேர்த்துப் பகிர்வோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாட்டுங்காவில் நாங்கள் நெடுங்காலமாகக் குடியிருந்த கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டவிருப்பதால், சென்ற மாதம் வீட்டுப் பரணைக் காலி செய்ய நேர்ந்தது. மறைந்த என் தந்தையார் கச்சேரிகளைப் பதிவு செய்து சேர்த்து வைத்திருந்த பதினெட்டு ஸ்பூல் (சுருள்) ஒலிநாடாக்கள் அங்கிருந்து இறங்கின. ஐந்தில் மும்பை மழைக்காலத்தின் ஈரம் புகுந்து பூஞ்சை படர்ந்திருந்தது. இரண்டைத் திறந்தவுடனே வினிகர் நெடி அடித்தது. அசிடேட் நாடா சிதையத் தொடங்கினால் அந்த நெடி வரும் என்று விவரம் தெரிந்த நண்பர் சொன்னார். மற்றவற்றை இப்போது ஒவ்வொன்றாகக் கேட்டு வருகிறேன். கேட்கக் கேட்க, பழைய கச்சேரிப் பதிவுகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் ரசிகர்களிடம் ஒரு விண்ணப்பம் வைக்கத் தோன்றியது.

தந்தையார் சங்கீதம் கற்றவரல்லர், அலுவலகத்தில் கணக்கெழுதியவர். அந்தப் பழக்கமோ என்னவோ, ஒவ்வொரு நாடாவின் அட்டைப்பெட்டியிலும் பென்சிலால் பாடியவர், வயலின், மிருதங்கம், இடம், தேதி, உருப்படிகளின் வரிசை அனைத்தையும் குறித்திருக்கிறார். 1952-இல் வானொலியில் தொடங்கிய அகில பாரத சங்கீத நிகழ்ச்சியைச் சனிக்கிழமை இரவுகளில் பதிவு செய்தவற்றில், அறிவிப்பாளர் பக்கவாத்தியக்காரர்களின் பெயர்களைச் சொல்லும் பகுதியை ஓரிடத்திலும் விடவில்லை. ஏழங்குல ஸ்பூல் ஒன்றில் குறைந்த வேகத்தில் ஓட்டினாலும் ஒரு பக்கத்திற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்பதால், ஒரு பெட்டியில் ‘நிரவலில் டேப் தீர்ந்தது, மாற்றுவதற்குள் ஸ்வரம் ஆரம்பம்’ என்றுகூட எழுதி வைத்திருக்கிறார். (பாட்டின் ஒரு வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவது நிரவல்; அதையடுத்து வருவது ஸ்வரம்.) அதைப் படித்திராவிட்டால், பாடகர் அன்று நிரவலைச் சுருக்கிக்கொண்டார் என்றே நான் முடிவு கட்டியிருப்பேன்.

இன்று நமக்குள் கைமாறும் பதிவுகளில் இந்த விவரங்கள் எங்கே? ‘அபூர்வப் பதிவு, தவறாமல் கேளுங்கள்’ என்ற ஒரு வரியோடு கச்சேரி நம் கைபேசிக்கு வந்து சேர்கிறது. எனக்கு வந்த ஒன்றில், பாடியவர் ஜி.என்.பாலசுப்பிரமணியம், 1968 என்று குறித்திருந்தது. அவர் 1965-லேயே மறைந்துவிட்டார். இன்னொன்று, நாதஸ்வர வித்வான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை இங்கே மும்பையின் ஷண்முகானந்த அரங்கில் வாசித்தது என்று வந்தது. பிள்ளையவர்கள் காலமானது 1956-இல். அந்த அரங்கமோ 1963-இல்தான் திறக்கப்பட்டது. இவையெல்லாம் ஆண்டைப் பார்த்தவுடன் அகப்பட்டுக்கொள்ளும் பிழைகள். பாடகர் மதுரை மணி ஐயரின் கச்சேரி ஒன்றில் வயலின் வாசிப்பது லால்குடி ஜெயராமனா, டி.என்.கிருஷ்ணனா என்று நண்பர்கள் நால்வர் ஒரு மாலை முழுவதும் வாதிட்டும் தீராதது போன்ற ஐயங்களே கடினமானவை. முதன்முதலில் அந்த நாடாவிலிருந்து எடுத்தவர் பெட்டியைப் பார்த்து ஒரு வரி எழுதியிருந்தால், அந்த மாலையை நாங்கள் கச்சேரி கேட்பதில் கழித்திருக்கலாம்.

பெயரை விடுவதைவிடவும் பெரிய குற்றம், என் கருத்தில், தனி ஆவர்த்தனத்தை, அதாவது மிருதங்கம் முதலான தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதியை, வெட்டுவது. கோப்பின் அளவு குறையட்டும் என்றோ, பலர் அந்த நேரத்தில்தான் காபிக்கு எழுந்து போகிறார்கள் என்ற எண்ணத்திலோ இதைச் செய்கிறார்கள். பாலக்காடு மணி ஐயரும் பழனி சுப்பிரமணிய பிள்ளையும் மிருதங்கத்தில் வாசித்ததை வெட்டி எறிய நாம் யார்? 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிடங்களுக்கு மேல் இடமில்லை. ஆகவே அன்றைய வித்வான்கள் ராகத்தையும் கீர்த்தனையையும் அதற்குள் அடக்கிக் காட்டினார்கள், தனிக்கு அங்கே வழியில்லை. நாடா வந்த பின்னரே முழுக் கச்சேரி நம் கைக்கு வந்தது. வந்ததை நாமே மறுபடியும் துண்டாக்கி, மதுரை மணி ஐயரென்றால் ‘எப்ப வருவாரோ’ பாட்டு மட்டும் என்று சுற்றுக்கு விடுகிறோம். (அந்தத் துண்டை நானும் பலமுறை கேட்டிருக்கிறேன், அனுப்பியும் இருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.)

ஸ்ருதி பற்றியும் ஒரு சொல். பதிவு செய்த கருவியின் ரப்பர் பட்டை தளர்ந்து நாடா மெதுவாக ஓடியிருந்தால், பின்னர் சரியான வேகத்தில் ஓட்டும்போது கச்சேரி மேலேறி ஒலிக்கும். வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு கூடினால் ஸ்ருதி ஏறத்தாழ அரைக் கட்டை ஏறிவிடும் (கட்டை என்பது ஸ்ருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு). காலப்பிரமாணமும், அதாவது பாட்டின் நடையும், உடன் விரைந்துவிடும். வேறு யாருக்கு இது சிறிய குறையாக இருந்தாலும், பாடகர் எம்.டி.ராமநாதனுக்கு இது அநியாயம். கீழ் ஸ்ருதியும் நிதானமான சவுக்க காலமும் அவருடைய சங்கீதத்தின் உயிர். இரண்டையும் கருவி பறித்துக்கொண்ட பின் ‘இவரை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்’ என்று கேட்ட ஓர் இளைஞரை எப்படிக் குறை சொல்வது? ஒருவருடைய கட்டை வயதோடு இறங்குவதும் உண்டு என்பதால், அதே காலத்துக் கச்சேரிகள் இரண்டு மூன்றோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வேகத்தைத் திருத்த வேண்டும். திருத்தினால், திருத்தியதாகக் குறிப்பும் எழுத வேண்டும்.

பழைய இசைத்தட்டுகளில், வெளியாகி 60 ஆண்டுகள் கடந்தவற்றுக்கு நம் நாட்டில் ஒலிப்பதிவு உரிமை முடிந்துவிடுகிறது. வீட்டிலும் சபையிலும் ரசிகர்கள் எடுத்த நாடாக்களை அதே கணக்கில் சேர்க்க இயலாது; அவற்றை விலைக்கு விற்காமலிருப்பது நாம் கலைஞர்களுக்குக் காட்டும் குறைந்தபட்ச மரியாதை.

மாட்டுங்காவிலும் சயானிலும் செம்பூரிலும் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபடும் இந்நாளில், பரணிலிருந்து இறங்கும் பெட்டிகள் பழைய பேப்பர்க்காரரின் தராசுக்கே முதலில் போகின்றன. போகுமுன் பெட்டியின் எல்லாப் பக்கங்களையும் கைபேசியில் படம் எடுத்து வைக்கும்படி வாசகர்களை வேண்டுகிறேன். பூஞ்சை பிடித்த நாடாவை வீட்டுக் கருவியில் ஓட்டிப் பார்க்க வேண்டாம்; நாடாவும் கெடும், கருவியும் கெடும். நல்ல நிலையில் உள்ள நாடாக்களைக் கணினிக்கு மாற்றித் தர, ஓடும் ஸ்பூல் கருவி வைத்திருக்கும் என் நண்பர் இசைந்திருக்கிறார். கட்டணம் ஏதுமில்லை, ஆனால் தனி ஆவர்த்தனத்தை வெட்டித் தரச் சொன்னால் அவர் மறுத்துவிடுவார். என் முகவரியைத் தங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பியுள்ளேன். கேட்பவர்களுக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மாட்டுங்கா, மும்பை – 19